மாமாவின் உபசாரம்

துர்மித்தோர் மலையில் ஏப்ரல் மாதம் என்றால் கீழே சேறு, மேலே பனி. சேற்றில் சைக்கிள், காட்டில் ஓட்டம், கடைசியாக முறம் அகலத்துக்குப் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு மலை முகட்டைத் தாண்டி ஓட்டம். இரண்டு பேர் ஓர் அணி. இருவரும் சேர்ந்தேதான் முடிக்க வேண்டும். புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமில்லை. ஊரே செய்கிறது.

இந்த வருஷம் பதக்கத்தோடு ஒரு வேலையும் இருந்தது. மலை மீட்புக் குழுவின் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குப் பெக்கோவும் திராஷ்கோவும் மனுப் போட்டிருந்தார்கள். "எவன் அணி ஜெயிக்குதோ அவனுக்குத்தான் வேலை" என்று நகரத் தலைவர் சொல்லிவிட்டார்.

பெக்கோவுக்கு முப்பத்தாறு வயது. தாய்மாமா ராதோசாவின் வீட்டில் தின்று, அவர் வீட்டிலேயே தூங்கிக் காலம் தள்ளுகிறவன். வேலை கிடைத்தால்தான் பெண் கொடுப்போம் என்று காதலி வீட்டில் கறாராகச் சொல்லியாகிவிட்டது.

ஓடி ஜெயிக்கலாம் என்றால் திராஷ்கோ மனுஷனா, மலையாடா என்று சந்தேகம் வரும். ஆனால் எங்கள் பக்கத்து ஆள் எவனாலும் முடியாத காரியம் ஒன்று உண்டு. வாசலில் நின்று ஒரு பெரியவர் ராக்கியா என்கிற பழச்சாராயத்தை ஊற்றி நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் பேரன் காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

மாமாவின் மலைக் குடிசை, பனி ஓட்டப் பாதையை ஒட்டியே இருந்தது.

போட்டிக்கு முதல் நாள் பெக்கோ ஒரு பாட்டில் ராக்கியா வாங்கினான். தூக்க மாத்திரைகளைப் பொடித்துப் போட்டுக் குலுக்கினான். மாமாவிடம் கொடுத்தான்.

"மாமா, நாளைக்கு திராஷ்கோவும் அவன் தம்பியும் வருவானுங்க. இதுல ஆளுக்கு ரெண்டு கிளாஸ் ஊத்தாம விட்றாதீங்க."

"தாமதம் பண்ணணும், அவ்வளவுதானே? என் பொறுப்பு. நீ கல்யாணம் ஆகி என் வீட்டை விட்டுப் போனா சரி."

மாத்திரை விஷயத்தை மாமாவிடம் அவன் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு எதற்கு வீண் கவலை?

மறுநாள் சைக்கிளிலும் காட்டு ஓட்டத்திலும் திராஷ்கோதான் முன்னால் போனான். பெக்கோவின் ஜோடி ஸ்தானா பின்னாலிருந்து திட்டிக்கொண்டே வந்தாள்.

"உருளைக்கிழங்கு மூட்டை கூட உன்னைவிட வேகமா உருளும்! ஓடுடா!"

"அவசரப்படாத. மேல போனா எல்லாம் சரியாயிடும்."

மேலே போனார்கள். குடிசை வாசலில் பெக்கோ கண்ட காட்சி வேறு. திராஷ்கோவும் தம்பியும் திடமாக நின்றுகொண்டிருந்தார்கள். ராதோசாவ் மாமாதான் பனியில் மல்லாந்து கிடந்தார்.

"ஒரு கிளாஸ் குடிச்சுட்டுக் கிளம்புனோம். பொத்துனு விழுந்துட்டாரு" என்றான் திராஷ்கோ, தன் பனிச்செருப்புகளைக் கழற்றி ஊன்றுதடிகளோடு சேர்த்துத் தூக்குப்படுக்கை கட்டியபடி. "வா, ஒரு கை பிடி!"

பெக்கோவுக்குப் புரிந்துவிட்டது. ஊற்றுகிறவர்தானே முதலில் குடித்துக் காட்ட வேண்டும்? மாமா மரியாதை தெரிந்தவர். இரண்டு கிளாஸ் கூடவே போட்டிருப்பார். ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அதற்குள் இந்த முட்டாள்கள் அவரைச் சுமந்து இறங்க வேண்டும். பெக்கோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீங்களே பாத்துக்குங்கப்பா!" என்று ஓட ஆரம்பித்தான்.

"உன் மாமாடா! மனுஷனா நீ?" என்று கத்தினாள் ஸ்தானா. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினான்.

முதலிடம்! மேளம், கைதட்டல். காதலியின் அப்பா கூட லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஸ்தானா மட்டும் அவன் பக்கமே திரும்பவில்லை.

வெகு நேரம் கழித்துத்தான் திராஷ்கோவும் தம்பியும் மாமாவைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைக் கேட்ட நகரத் தலைவருக்கு முகம் சிவந்தது.

"விழுந்து கிடந்த ஆளைத் தாண்டி ஓடினியா? போட்டியிலேருந்து உன் அணியைத் தூக்கியாச்சு. நீ மீட்புக் குழுத் தலைவனா? நல்லா மீட்ப!"

வேலை போச்சு, பெண்ணும் போச்சு. பெக்கோ பதறிப்போனான்.

"ஐயா, அவருக்கு ஒண்ணுமில்லீங்க! சும்மா தூக்கம்தான்! அந்த பாட்டில்ல தூக்க மாத்திரை போட்டதே நான்தான்! திராஷ்கோவுக்குன்னு போட்டது, இவரும் சேர்ந்து குடிச்சுட்டாரு! இப்ப எழுந்துடுவாரு பாருங்க!"

மேளம் நின்றது. பரிசளிக்க வந்திருந்த போலீஸ் அதிகாரி நாற்காலியை விட்டு மெதுவாக எழுந்து, பெக்கோவின் தோளில் கை வைத்தார்.

தூக்குப்படுக்கையில் கிடந்த மாமா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றையும் திறந்து, எழுந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"அட மடையா! 'நான்தான் பெக்கோவைப் போகச் சொன்னேன்'னு எழுந்து சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வாயைத் திறந்துட்டியே! ஒரு கிளாஸோட திராஷ்கோ பசங்க கிளம்பப் பாத்தானுங்கன்னுதானே, தாமதப்படுத்த நானே விழுந்து கிடந்தேன்!"

"அப்ப... அந்த பாட்டில், மாமா?"

"என் வீட்டுல நானே காய்ச்சுன சரக்கு இருக்கும்போது, கடையில வாங்குனதையா விருந்தாளிக்கு ஊத்துவேன்? நேத்து நீ கொடுத்ததுமே பனியில கொட்டிட்டேன்டா!"