சந்தனம் பூசிய கார்

ஆயுத பூசைக்கு மறுநாள், ஓதுவார் மாசிலாமணியின் பழைய காரின்மேல் வேப்பங்கிளை முறிந்து விழுந்தது. கடன் என்றோ அடைந்த கார். சேதம் பாதிக்குமேல் என்றால் காப்பீட்டு நிறுவனம் பணம் தந்து வண்டியை எடுத்து நசுக்கிவிடும். தாமே ஓடும் புதிய கார்களோ மலைக்கோயில் பாதையில் ஏற மறுப்பவை. அவர் சென்று தேவாரம் பாடாமல் அங்கே வழிபாடு நிறைவதில்லை.

நிறுவனத்தின் பறக்கும் கருவி வண்டியைச் சுற்றிவந்தது.

"சேதம் அறுபது விழுக்காடு."

ஓதுவார் இடிந்து நின்றார்.

"ஏங்க, கிளை விழுந்தது கூரையில. அது ஏன் கதவு கதவா நின்னு பாக்குது?" என்றாள் மனைவி சொர்ணாம்பிகை. "நீங்க அப்பின சந்தனத்தையெல்லாம் துருன்னு எண்ணுதுங்க!"

"பூசையில வச்சதத் துடைக்கறதா?"

"வண்டியே போனா அடுத்த வருஷம் எதுக்கு வைப்பீங்க? என் அம்மிக்கா?"

ஓதுவார் மேல்துண்டை நனைத்து, ஐந்தெழுத்தை ஓதியபடி ஒவ்வொரு பொட்டாய்த் துடைத்தெடுத்தார். கருவி மீண்டும் சுற்றியது.

"சேதம் முப்பது விழுக்காடு. பழுது பார்க்கலாம்."

போன உயிர் மீண்டது அவருக்கு. துண்டில் படிந்த ஈரச் சந்தனத்தை வழித்துத் தம் நெற்றியில் இட்டுக்கொண்டார். நன்றிப் பெருக்கில் கருவியை நோக்கியும் விரலை நீட்டினார்.

"ஐயோ, அதுக்கு வச்சிடாதீங்க!" என்று கையைப் பிடித்தாள் சொர்ணாம்பிகை. "தன்னையே துருன்னு எழுதிக்கும்!"