அரைநாள்

துரைராசு கடைக் கணினியின் மூலையில் தெரிந்த மணியை மாதங்கி தற்செயலாகத்தான் பார்த்தாள்.

2.50.

ஒரு கணம் அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. அடுத்த கணம் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

இன்று காலாண்டுப் பரீட்சை. அரைநாள்தான் பள்ளி. வேன் வராது, பன்னிரண்டரைக்கு நேரில் வந்து பிள்ளையை அழைத்துக்கொள்ளவும் என்று நேற்றே டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அவள் மறக்கவில்லை. அதுதான் கொடுமை. பன்னிரண்டுக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றிருந்த ரயிலுக்கு இன்ஜினை மாற்றிக்கொண்டிருந்தார்கள். திறக்க எப்படியும் இருபது நிமிடம் ஆகும் என்றார் ஒருவர். பக்கத்து விதைக்கடையில் துரைராசு, உர இருப்புப் பட்டியல் திறக்காமல் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிட வேலைதானே என்று போய் உட்கார்ந்தாள்.

ஒன்றில் விழுந்துவிட்டால் அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் இருக்காது. கேட் எத்தனை முறை திறந்து மூடியதோ தெரியவில்லை. பன்னிரண்டேகாலுக்கு வைத்திருந்த அலாரம் அடித்திருக்கிறது. யாரோ அணைத்திருக்கிறார்கள். அவள்தான்.

துரைராசுவின் பட்டியல் மட்டும் ஒரு பிழையில்லாமல் வந்துவிட்டது.

குறுவை நெல்லைச் சாலையின் பாதி அகலத்துக்குக் காயப்போட்டிருந்தார்கள். அதன் ஓரமாகவே ஓட்டினாள்.

சித்திரையில்தான் தஞ்சாவூர் டாக்டர் இதற்கு ஒரு பெயர் சொன்னார். ஏ.டி.எச்.டி., கவனம் ஒரிடத்தில் நிற்காத குறைபாடு. குழந்தைகளுக்கு வருவதல்லவா என்று கேட்டாள். குழந்தையிலிருந்தே உங்களுக்கு இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை என்றார். முப்பத்தெட்டு வருடம். பஸ் அம்மாபேட்டை தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தாள். அது துக்கமா நிம்மதியா என்று அவளுக்கே தெரியவில்லை.

மஸ்கட்டில் இருக்கும் கணவன் வெங்கட்ராகவனிடம் போனில் சொன்னபோது அவன் சிரித்தான்.

"சோம்பேறித்தனத்துக்குக்கூட இங்கிலீஷ்ல பேரு வெச்சுட்டாங்களா?"

இன்று காலை மாத்திரை போட்டாளா என்பதும் ஞாபகமில்லை.

பள்ளி மைதானத்தில் ஒரு குருவிகூட இல்லை. வராந்தாவில் மகள் அம்ருதா தூணோடு தூணாக நின்றிருந்தாள். நான்காம் வகுப்பு. அழுதிருந்தால்கூட மாதங்கிக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெரிய மனுஷியைப் போல நின்றிருந்தாள்.

வகுப்பு ஆசிரியை பூர்ணிமா கையில் ஒரு பதிவேட்டோடு வெளியே வந்தார். மாதங்கி அவரை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். ஜூனில் லீவில் வந்திருந்த வெங்கட்ராகவன்தான் மகளை இந்தப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் போனான். ஜூலையில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு மாதங்கி மறுநாள் வந்தாள், பள்ளி விடுமுறை. ஆகஸ்ட் கூட்டத்தன்று வாசல்வரை வந்துவிட்டு, மறந்த படிவத்தை எடுக்க வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள் அவளிடம் நிறைய இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஆசிரியை பேசிவிட்டார்.

"அவங்க அப்பா நம்பருக்குப் போட்டுக்கிட்டே இருந்தேன், கெடைக்கல. நீங்க அம்ருதாவோட சித்திங்களா?"

மாதங்கிக்குப் புரியவில்லை.

ஆசிரியை இன்னும் நெருங்கி வந்து, பிள்ளைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"தாயில்லாத பொண்ணு. அம்மா செத்துப்போயிட்டாங்க மிஸ்னு மொத மீட்டிங் அன்னிக்கே எங்கிட்ட சொல்லிடுச்சு. நீங்களும் இப்படி மறந்துட்டா அது யாருகிட்டங்க போகும்?"

அம்ருதாவுக்குக் கேட்டுவிட்டது. முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. அவள் மாதங்கியின் கண்களைப் பார்க்கவில்லை. உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் நடந்த அந்த நாளில், எல்லா அம்மாக்களும் உட்கார்ந்திருந்த வகுப்பில், இந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் வாசலைப் பார்த்திருக்கும்?

மாதங்கி ஆசிரியையின் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க," என்றாள். "சித்திதான்."

ஆசிரியை பதிவேட்டை நீட்டினார். அழைத்துச் செல்பவர் பெயர், நேரம், உறவு, கையெழுத்து. ஒவ்வொரு கட்டமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினாள்.

எழுதி முடிக்கும்வரை அம்ருதா அசையவில்லை. பிறகுதான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வெளியே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை நோக்கி, மைதானத்தில் இருவரும் இரண்டடி இடைவெளி விட்டே நடந்தார்கள்.

பள்ளியின் மதில் மறைத்த பிறகு, அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.