முன்னாலே எடுத்தாச்சு

பரலோகத்துக்கு டிக்கெட் ஏழு ரூபாய், சரியான சில்லறை தரவும் என்று பேருந்தின் நெற்றியில் எழுதியிருந்தது. முழங்கால் ஆழ மேகத்துக்குள் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. நடத்துநர் யாரிடம் கேட்டாலும் “முன்னாலே எடுத்தாச்சு” என்று கையைக் காட்டினார்கள். முன் இருக்கை காலி. உள்ளங்கையில் கட்டுப்போட்ட ஒருவர் மொத்தமாகச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு எப்போதோ இறங்கிப் போயிருந்தார். நடத்துநர் தலைகளை எண்ணினார். ஐம்பத்து மூன்று. எடுத்த டிக்கெட்டோ ஐம்பத்து நான்கு. கீழே மளிகைக்கடை பேச்சிமுத்து மட்டும் நூறு ரூபாய்த் தாளை நீட்டியபடி நின்றார். தாளில் இருந்த எண் மேகத்தில் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

“மிச்சம் ஒண்ணு உங்களுக்குத்தான் அண்ணாச்சி, ஏறுங்க.”

“ஓசியில போனவன்னு பேரெடுக்கவா? என் டிக்கெட்டுக்கு நான் துட்டு குடுப்பேன்.”

“இங்க நூறுக்குச் சில்லறை கிடையாது.”

உள்ளேயிருந்து உபதேசியார் எட்டிப் பார்த்தார். “அவரு ஞானஸ்நானம் எடுத்த வேதக்காரரே இல்லையே, அவருக்கு எப்படி எடுத்திருப்பாரு?”

“அப்போ எடுத்தவருக்கு எண்ணத் தெரியலங்கீங்களா, ஐயா?” என்றார் நடத்துநர்.

ஜன்னலோரம் இருந்த பேச்சிமுத்துவின் மனைவி ஞானசொரூபி தலையை வெளியே நீட்டினாள். “ஏங்க, நாப்பது வருசமா என் கையால சாப்பிட்டீகளே, அதுக்கு எவ்வளவு குடுத்தீக?”

பேச்சிமுத்து தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். திரும்பவும் வெளியே எடுத்தார். பிறகு ஒற்றைக் காலை மட்டும் தூக்கிப் படியில் வைத்தார்.

நடத்துநர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, கணக்குத்தாளில் எழுதினார்: டிக்கெட் ஐம்பத்து நான்கு, ஆள் ஐம்பத்து மூன்றே கால்.