ஜேக்கனேப்ஸ்

“ஜேக்கனேப்ஸ்!” என்றார் அலோசியஸ்.

சொல்வதற்கு முன் நாற்காலியிலிருந்து எழுந்து, வெள்ளைக் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சொன்ன பிறகு வாசல்வரை நடந்துபோய், கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

பெண் கேட்டு வந்திருந்த யேசுரட்ணம், கையிலிருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் எழுந்தான். கூட வந்த அக்கா பெற்றீசியா அவன் முகத்தைப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் அலோசியஸின் மகள் பவுலினின் வளையல் சத்தம் நின்றுபோனது.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசலுக்கு வாங்க, தம்பி,” என்றார் அலோசியஸ். “சொல்ல வேண்டியத எல்லாரு முன்னாடியும் சொல்லிர்றேன்.”

அக்கரப்பத்தனைப் பக்கம் அவரைப் ‘பங்களா அப்பு’ என்றால்தான் தெரியும். தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரைக்குச் சமைத்து, மேசை வைத்து, விருந்தாளிகளுக்குக் கதவைத் திறந்து பிடித்து, துரை சீமைக்குக் கப்பலேறும்வரை கூடவே இருந்தவர். துரை வாயில் வந்த இங்கிலிஷ் அத்தனையும் அவருக்கு மனப்பாடம் என்று தொழிலாளர் லயத்தில் பேச்சு.

யேசுரட்ணம் கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியன். மாலையில் சிவசாமி மாஸ்டரிடம் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகிறவன். இருந்தும் அந்தச் சொல்லை அவன் எங்கும் கேட்டதில்லை.

“நல்ல வார்த்தையாத்தாண்டா இருக்கும்,” என்றாள் பெற்றீசியா, திரும்பிப் போகிற பஸ்ஸில்.

“நல்ல வார்த்தைக்கு எதுக்குக்கா கதவத் தொறந்து வுட்டாரு?”

பெற்றீசியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பில் சின்ன அகராதியைப் புரட்டினான், சொல் இல்லை. எழுத்தைத் தான்தான் தப்பாகக் கூட்டுகிறோமோ என்று வேறு வேறு விதமாக எழுதிப் பார்த்தான். கடைசியில் மாஸ்டரே அலமாரியிலிருந்த பெரிய அகராதியை இறக்கினார்.

“பழைய காலத்து வார்த்தை. இப்ப யாரும் பேசறதில்ல,” என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “ஆதியில சங்கிலி போட்டு வளர்த்த கொரங்குக்கு வச்ச பேரு. அப்புறம் திமிர் புடிச்சவன், தராதரம் தெரியாம சேட்டை பண்றவன்னு ஆயிருச்சு. யாரு சொன்னா?”

யேசுரட்ணம் வாயைத் திறக்குமுன் பக்கத்து வாங்குப் பலகையிலிருந்த, முன்பே விஷயம் கேட்டு வைத்திருந்த றோலண்ட் முந்திக்கொண்டான்.

“பொண்ணு கேக்கப் போன எடத்துல மாமனாரு சொல்லியிருக்காரு, மாஸ்டர்! பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டாரே, கெட்டிக்கார மனுசன்!”

வகுப்பே சிரித்தது.

அந்த வாரம் முழுவதும் யேசுரட்ணத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய்பாடு சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு நின்றான். சட்டை இரவல் என்று தெரிந்திருக்குமோ? கால்மேல் கால் போட்டோமோ? சங்கிலி என்று நினைத்த போதெல்லாம் கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டான்.

“நான் போக மாட்டேன்க்கா,” என்றான் சனிக்கிழமை.

“போகலேன்னா பவுலின் என்னடா நெனைப்பா? ஒனக்காகத்தான வந்த எடத்தையெல்லாம் வேணாம்னு தள்ளிவிட்டா?”

அவன் அறைக்குள் மேலும் கீழும் நடந்தான்.

“சரி, போறேன். அவரு எல்லாரு முன்னாடியும் சொல்லட்டும். நானும் அந்த வார்த்தைக்கு அர்த்தத்த எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டு வந்துர்றேன். ஒரு வாத்தியார என்னான்னு கூப்பிட்டாருன்னு தோட்டமே கேக்கட்டும்!”

ஞாயிற்றுக்கிழமை தூறல் விடவில்லை. பூசை முடிந்து வந்தவர்கள் கோயில் வாசலில் குடையோடு கூடி நின்றார்கள். அலோசியஸ் அதே வெள்ளைக் கோட்டில் இருந்தார். அவர் மனைவி அந்தோனியம்மா பக்கத்தில் பவுலின் தலைகுனிந்து நின்றாள்.

யேசுரட்ணத்தின் முழங்கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார் அலோசியஸ். மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“ஜேக்கனேப்ஸ்!”

யேசுரட்ணத்துக்குக் காது சூடேறியது. “அர்த்தம் தெரிஞ்சுதான் சொல்றீங்களா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்.

“எனக்கு எழுதப் படிக்க எங்க தெரியும், மாப்பிள்ள?”

அலோசியஸின் கண் கலங்கியிருந்தது.

“பங்களாவுல எத்தனையோ பேரு வேல பாத்தாங்க. பெரிய துரை என்னைய மட்டுந்தான் அப்படி கூப்புடுவாரு. விருந்துக்கு வந்த துரைமாருங்க முன்னாடி, தோள்ல தட்டிச் சிரிச்சுக்கிட்டே கூப்புடுவாரு. கப்பலேறப் போற அன்னிக்கும் கடைசியா அதத்தான் சொன்னாரு. எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல. அந்தப் பட்டத்த மருமகனுக்குத்தான் குடுக்கணும்னு இத்தன நாளா வச்சிருந்தேன்.”

அந்தோனியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குடைகள் நெருங்கி வந்தன.

அலோசியஸ் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, கூட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

“நீங்க படிச்சவரு. அர்த்தத்த எல்லாருக்கும் சொல்லுங்க, மாப்பிள்ள.”