நீலத் தண்ணீரில் ஒரு சொட்டு

சொட்டு பாதி வழியில் நின்றுவிட்டது.

டோரதிக்கு மூச்சும் அங்கேயே நின்றது.

வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்ட மாதிரி ஒரு தண்ணீர், கண்ணாடிக் குழாய் நிறைய. அதன் நடுவில் அவள் விரலிலிருந்து இப்போதுதான் எடுத்த ஒரு சொட்டு ரத்தம், மேலே போவதா கீழே போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

கீழே போனால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, தானம் கொடுக்கலாம். மேலே வந்தால் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம்.

"போ ராசாத்தி, போ" என்று டோரதி முணுமுணுத்தாள். சொந்த ரத்தத்திடம் இப்படிக் கெஞ்சிய மனுஷி ஒக்கலிபுரத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

உலக ரத்த தான நாள் என்றால் இந்தச் சர்ச் ஹாலுக்கு அது இன்னொரு திருவிழா. சிவப்பு பலூன், சமோசா, இளைஞர் குழுவுக்கு ஒரே நிறத்தில் டி-ஷர்ட். முதல் கட்டில் எப்போதும் டோரதியின் வீட்டுக்காரர் டொமினிக்குக்குத்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை கணக்காகப் படுத்திருப்பார்.

டோரதியும் வருடா வருடம் விரலை நீட்டுவாள். ஒரு தடவையாவது மூழ்கியிருக்க வேண்டுமே! தக்கை மாதிரி மேலே வந்து நிற்கும் அந்தச் சொட்டு. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜூஸ் மேசைக்குப் போய், கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பாள். பிள்ளைகள் அவளுக்கு ஜூஸ் ஆன்ட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த வருடம் எல்லாம் தலைகீழ்.

டொமினிக்குக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இனிமேல் அவர் கொடுக்கக் கூடாது, அதுதான் விதி. "ஒரு பர்த்டே வந்தா என் ரத்தம் என்ன தண்ணியாவா போயிடும்?" என்று பாதரிடமே சண்டைக்குப் போனார். பாதர் சிரித்துக்கொண்டே ஜூஸ் ஜாடியை அவர் கையில் திணித்துவிட்டார். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தறியாத மனுஷன், காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்கே ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டைக் கை மட்டும் வழக்கம் போல மேலே சுருட்டியபடியே இருந்தது.

டோரதிக்கும் இனி நாளில்லை. முதல் தடவை கொடுக்க வருகிறவர்களுக்கு அறுபதுதான் எல்லை. அடுத்த ஜூனுக்குள் அவள் அதைத் தாண்டிவிடுவாள். இன்று மிதந்தால் என்றென்றைக்கும் மிதந்ததுதான்.

அதனால்தான் ஒருவரிடமும் மூச்சு விடாமல் வேலையை ஆரம்பித்திருந்தாள். தவக்காலத்துக்கு விட்ட டீயை ஈஸ்டர் முடிந்தும் தொடவில்லை. டீ குடித்தால் கீரையின் சத்து உடம்பில் ஒட்டாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று டொமினிக் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ராகி உருண்டை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், வெள்ளிக்கிழமை நீங்கலாக ஈரல் வறுவல். பக்கத்து வீட்டில் டீ கொதிக்கும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

இவ்வளவையும் தின்றுவிட்டுத்தான் அந்தச் சொட்டு இப்போது நடுவில் நின்று யோசனை பண்ணுகிறது!

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சோதனை செய்கிற சுதீரும் குனிந்து பார்த்தான்.

"டோரதி, என்ன ஆச்சு?" ஜாடியும் கையுமாக டொமினிக் வந்து நின்றார்.

"பேசாதீங்க! அது மேல வந்துடப் போவுது!"

டொமினிக் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கூட்டமும் மூடிக்கொண்டது.

சொட்டு லேசாக அசைந்தது. டோரதி கண்களை இறுக்கி மூடினாள். மூடியவள் பொறுக்க முடியாமல் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்தாள்.

கீழே.

முதலில் மெல்ல, அப்புறம் விறுவிறுவென்று இறங்கி, குழாயின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஆய்த்து ஆன்ட்டி! முழுகிடுச்சு!" என்று சுதீர் கன்னடமும் தமிழுமாகக் கத்தினான்.

"மாதாவே!" என்று டோரதி குதித்தே விட்டாள். வயதாவது, முட்டி வலியாவது! வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். இளைஞர் குழுப் பெண்கள் கைதட்டியபடி அவளை முதல் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டொமினிக் பின்னாலேயே வந்தார். ஜாடி சாய்ந்து ஜூஸ் தரையெல்லாம் சிந்திக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

நர்ஸ் லவினா டோரதியின் கையில் பட்டையைக் கட்டினாள்.

"ஃபர்ஸ்ட் டைமா ஆன்ட்டி? அங்கிள் ரொம்ப வருஷமா குடுக்கறாரே. உங்களுக்கு இப்பத்தான் ஆசை வந்துச்சா?"

டோரதி சிரித்தாள்.

"குடுக்கறதுதான்மா ஃபர்ஸ்ட் டைம். பொண்ணு பொறந்தப்ப நான் பொழைச்சதே யாரோ குடுத்த ரத்தத்துல. 'நீ குடுக்கற வரைக்கும் உனக்காக நான் குடுக்கறேன்'னு இவரு அன்னைக்குச் சொன்னாரு."

டொமினிக் ஜாடியைக் கீழே வைத்தார். காலையிலிருந்து சுருட்டியே வைத்திருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.