கசிவு

"மறுபடியும் ஒழுகிடுச்சு!"

கொல்லைப்புறத்திலிருந்து அப்பாவின் குரல்.

"ஒழுகாம என்ன செய்யும்? கட்டினவர் லட்சணம் அப்படி!" அடுப்படியிலிருந்தே அம்மா பதில் கொடுத்தாள்.

லீவுக்கு வந்த மகளுக்கு முதல் நாள் இது சிரிப்பாக இருந்தது. தினமும் இதே பாட்டு என்று தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை. டீ டம்ளரோடு கொல்லைக்குப் போனாள்.

அப்பா கட்டிய குளம் என்னவோ அழகாகத்தான் இருந்தது. குழி வெட்டி, மணல் பரப்பி, கறுப்பு ரப்பர் விரிப்பு போட்டு, விளிம்பு தெரியாமல் கல் அடுக்கியிருந்தார். ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்கு அருவி. தொட்டிகளில் அல்லி. மீன் மட்டும் இல்லை. தண்ணீர் நின்றால்தான் மீன் என்று சொல்லிவிட்டார்.

முந்தின சாயங்காலம் கல்லில் சாக்கட்டியால் கோடு போட்டு, அதுவரைக்கும் நிரப்பியிருந்தார். இப்போது தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

"எங்கப்பா ஓட்டை?"

"தெரியலையேம்மா. அருவி மோட்டாரை நிறுத்திக்கூடப் பார்த்துட்டேன். இன்னிக்கு அருவிப் பக்கம் கல்லைப் பிரிச்சுப் பார்க்கணும்."

"நேத்துதானே அதைப் பிரிச்சீங்க?"

"பிரிச்சேனா?" தலையைச் சொறிந்தார். "பரவாயில்ல, இன்னொரு தரம் பார்த்துடுவோம்."

அவள் அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்த காலத்தில் அப்பாவுக்குக் 'காது' என்றுதான் பட்டப்பெயர். இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். "இங்க தோண்டுங்க" என்பார். தோண்டினால் அங்கேதான் குழாய் உடைந்திருக்கும். ஊர்க் கசிவையெல்லாம் கண்டுபிடித்த மனிதருக்குத் தன் வீட்டுக் குளத்துக் கசிவு பிடிபடவில்லை.

பேச்சை மாற்றினாள். "எலுமிச்சை மட்டும் என்னப்பா இப்படிக் கொழுகொழுன்னு இருக்கு?"

"நல்ல மண்ணு."

"அதுகிட்ட எதுக்கு இந்தத் தட்டைக் கல்லு? செடி மறைவுல யாரு வந்து நிக்கப் போறா?"

"சும்மா, பார்வைக்கு."

எதற்கு எதைச் செய்தோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லையோ?

அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, அப்பாவுக்கு ஞாபகம் தப்புது. டாக்டர்கிட்ட காட்டணும். பேசாம இந்தக் குளத்தை மண்ணு போட்டு மூடிட்டு, ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க. நாளைக்கே ஆள் கூப்பிடுறேன்."

அம்மாவின் கையில் கத்தி அப்படியே நின்றது.

"மூடுறதா? வாயில நல்ல வார்த்தையே வராதாடி உனக்கு?"

"நீதானேம்மா தினமும் கரிச்சுக் கொட்டுற?"

"நான் கட்டிக்கிட்டவ, கொட்டுவேன். நீ மூடாதே."

"குளம் முக்கியமா, அப்பா முக்கியமா?"

அம்மா வெங்காயத்தை நறுக்கித் தள்ளினாள்.

மறுநாள் பொழுது சரியாக விடியவில்லை. கொல்லையில் சளக் சளக்கென்று சத்தம் கேட்டு மகள் எழுந்து வந்தாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டைக் கல்லில் நின்று, அம்மா வாளியால் குளத்துத் தண்ணீரை மொண்டு எலுமிச்சையின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

வாளி நழுவப் பார்த்தது. "கத்தாதேடி. எழுந்துடப் போறார்."

"ஒழுகுறது நீயா?"

அம்மா இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். "ரிட்டையர் ஆனப்புறம் அவர் எப்படிக் கிடந்தார்னு உனக்குத் தெரியாது. ஜன்னலோரம் நாற்காலியில உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். எது கேட்டாலும் 'ம்'. குழி வெட்ட ஆரம்பிச்சப்புறம்தான் மனுஷனுக்குப் பசியே எடுத்துது. வேலை முடிஞ்சு தண்ணி நின்ன அன்னிக்கு என்ன செஞ்சார் தெரியுமா? கையைக் கழுவிட்டு நேரா அந்த நாற்காலிக்குப் போனார். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு."

"அதுக்காக?"

"மறுநாள் காலையில நாலு வாளி எடுத்தேன். துள்ளி எழுந்துட்டார்."

மகள் கிட்டே வந்தாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சுட்டா?"

"அவருக்கா?" அம்மாவின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "பெரிய காது! இதைக் கண்டுபிடிக்கட்டும், பார்க்கலாம்."

வாளியை வாங்கி மகளும் இரண்டு தடவை மொண்டு ஊற்றினாள். எந்த ஆளையும் கூப்பிட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தத் தலைசொறிதல் மனதை விட்டுப் போகவில்லை.

வெயில் ஏறியது.

"மறுபடியும் ஒழுகிடுச்சு!"

"கட்டினவர் லட்சணம்!"

மகள் கொல்லைக்குப் போனாள். அப்பா அருவிப் பக்கம் போகவே இல்லை. எலுமிச்சை மறைவில் குந்தி, தட்டைக் கல்லைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டையைத் தேடலையாப்பா?"

அப்பா அடுப்படி ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அது எங்கயும் போயிடாது. முதல்ல இந்தப் பாசியை எடுக்கணும். விடியிற இருட்டுல உங்கம்மா நிக்கிற இடம், வழுக்கிடப் போகுது."