பேன்சியின் இடது மடி

அமெரிக்காவின் வெர்மாண்டில் பால் பண்ணை வைத்திருக்கும் லோர்னாவுக்கு இடது மார்பில் புற்றுநோய். அந்தப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு அறுவை செய்தார்கள். சாயங்காலம் மரப்பு விட்டதும் நன்றாக வலிக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மறுநாள் விடிந்தும் வலிக்கவே இல்லை.

கணவன் ஆல்டன் தொழுவத்திலிருந்து நொண்டிக்கொண்டே வந்தான்.

"பேன்சி உதைச்சிட்டா. மடியில இடது பக்கம் கையே வைக்க விடல. மாட்டு டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லைங்கிறாரு."

"எப்பலேருந்து?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து."

லோர்னா எழுந்து ரப்பர் பூட்ஸை மாட்டினாள்.

"உன்னைப் படுக்கச் சொன்னாங்கல்ல?" என்றான். அவள் நிற்கவில்லை.

தொழுவத்தில் பேன்சி நடுங்கிக்கொண்டு நின்றது. லோர்னா அதன் மடியின் இடது பக்கம் கை வைத்தாள். பசு உதைக்கவில்லை.

"அது என்னோடதுடி. குடுத்துடு," என்றாள்.

சற்று நேரத்தில் பேன்சியின் நடுக்கம் நின்றது; அசைபோடத் தொடங்கியது. லோர்னா வைக்கோலில் மெல்ல உட்கார்ந்தாள். முகம் வேர்த்திருந்தது.

"பாத்துக்கிட்டு நிக்காத. பால் கட்டிக்கும், கற," என்றாள்.

ஆல்டன் கறந்தான். இடது பக்கக் காம்புகளை அவன் இழுக்கும்போதெல்லாம் லோர்னா பல்லைக் கடித்தாள். வாளி நிறையும் வரை நிறுத்தச் சொல்லவில்லை.